மாஸ்டா கேள்வி பதில்: முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்

இருபத்திரண்டு ஆண்டுகளாக மாஸ்டா கார்களோடு வாழ்ந்து வருகிறேன். இப்போது என்னிடம் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 ஒன்றும் ரோட்டரி எஞ்சின் கொண்ட ஆர்எக்ஸ்-8 ஒன்றும் இருக்கின்றன. நிறுவனத்தின் வரலாறு, ரோட்டரி எஞ்சின், பழைய கார் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை ஆகியவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். காப்பீடு, கடன், மறுவிற்பனை விலை ஆகியவை என் துறை அல்ல.

கேள்வி: மாஸ்டா என்பது நிறுவனரின் பெயரா, கடவுளின் பெயரா?

இரண்டும்தான். நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர் ஜுஜிரோ மட்சுடா. ஜப்பானியர் வாயில் அவர் பெயரும் 'மாஸ்டா'வும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும். பண்டைய பாரசீகர்கள் வணங்கிய ஞானத்தின் கடவுளான அஹுரா மஸ்தாவின் பெயரும் அதில் இருக்கிறது. 1931இல் வெளிவந்த மூன்று சக்கரச் சரக்கு வண்டியில்தான் இந்தப் பெயர் முதன்முதலில் ஏறியது. நிறுவனத்தின் பெயரோ நெடுங்காலம் டோயோ கோக்யோ என்றே இருந்தது. 1984இல்தான் மாஸ்டா மோட்டார் கார்ப்பரேஷன் ஆனது.

கேள்வி: அந்தக் காலத்து மாஸ்டா மின்விளக்கு இவர்கள் செய்ததா?

இல்லை. அது அமெரிக்க விளக்கு. அதே கடவுளின் பெயரை அவர்களும் சூட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது மாஸ்டா தொழிற்சாலை மட்டும் எப்படித் தப்பியது? இதைப் பற்றி விரிவாக எழுதுங்களேன்.

எழுத வேண்டிய கேள்விதான். 1920இல் தொடங்கியபோது இது கார்க் நிறுவனம். பாட்டில் மூடி செய்யும் அதே கார்க்தான். அடுத்த ஆண்டே மட்சுடா தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1927இல் பெயரிலிருந்த 'கார்க்'கை நீக்கிவிட்டு இயந்திரக் கருவிகளின் பக்கம் நிறுவனத்தைத் திருப்பினார். மூன்று சக்கர வண்டி அதற்குப் பின் வந்தது. போர்க்காலத்தில் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தார்கள். இதை மறைத்து எழுதுபவர்கள் உண்டு, மறைக்கத் தேவையில்லை.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஜுஜிரோ மட்சுடாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். தொழிற்சாலை நகர மையத்தில் இல்லை. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஃபுச்சு என்ற ஊரில் இருந்தது. இடையில் ஹிஜியாமா என்ற சிறு குன்று நின்றது. குண்டின் அதிர்வலையின் பெரும்பகுதியை அந்தக் குன்று வாங்கிக்கொண்டது. கூரைகளும் கண்ணாடிகளும் நொறுங்கினாலும் கட்டடங்கள் நின்றன. ஆனால் நகருக்குள் இருந்த பணியாளர்கள் பலர் இறந்துபோனார்கள். 'தொழிற்சாலை தப்பியது' என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நகரில் அரசு நடத்தக் கட்டடம் எஞ்சவில்லை. ஹிரோஷிமா மாகாண அலுவலகம் அந்தத் தொழிற்சாலை வளாகத்துக்குள் குடியேறி, 1946 ஜூலை வரை அங்கேயே செயல்பட்டது. அதற்கு நடுவே, 1945 டிசம்பரிலேயே, மூன்று சக்கர வண்டிகளை மீண்டும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சாம்பலான நகரத்துக்கு மரமும் உணவும் செங்கல்லும் சுமக்க வண்டி வேண்டியிருந்தது. குண்டு விழுந்து ஏறக்குறைய நான்கு மாதம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நான் முதன்முதலில் இதைப் படித்த அன்று என் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டபோது கை கொஞ்சம் கூசியது.

கேள்வி: மற்ற எல்லோரும் கைவிட்ட ரோட்டரி எஞ்சினை மாஸ்டா மட்டும் பிடித்துக்கொண்டது ஏன்? பிடிவாதமா?

தொடக்கத்தில் பயம். பிடிவாதம் பிறகுதான் வந்தது. 1960இல்தான் அவர்களின் முதல் பயணிகள் கார், ஆர்360 கூபே என்ற குட்டி வண்டி, வெளிவந்தது. அந்த நேரத்தில் ஜப்பான் அரசு, கார் நிறுவனங்களை ஒன்றோடொன்று இணைத்துச் சில பெரிய குழுக்களாக ஆக்க எண்ணியது. சிறியவர்கள் விழுங்கப்படுவார்கள். யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனித்து நிற்க முடியும் என்று அப்போதைய தலைவர் சுனேஜி மட்சுடா கணக்கிட்டார். ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்த எஞ்சினின் உரிமையை ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடமிருந்து 1961இல் பெற்றார்.

வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் நடுங்கியது, புகைந்தது. இன்னும் மோசம், உள்சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. ரோட்டரியில் பிஸ்டனுக்குப் பதில், விளிம்பு புடைத்த முக்கோண வடிவ ரோட்டார் சுழலும். அதன் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல் இருக்கும். எபெக்ஸ் சீல் என்பார்கள். அந்தச் சீல் சுவரில் வழுக்கிச் செல்லாமல் துள்ளித் துள்ளித் தட்டியதால் வந்த தழும்பு அது. பொறியாளர்கள் அதற்கு 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள்.

கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 பேர் அந்தக் கீறலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். தலைவனை இழந்து பழிதீர்த்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும் என்பதால், இந்த 47 பேருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சீல் அதிரும் விதத்தை மாற்றினால் துள்ளல் நிற்கும் என்று முதலில் கண்டார்கள். பிறகு கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சீல் வந்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரண்டு ரோட்டார், மொத்தம் 982 சிசி, 110 குதிரைத்திறன். மறு ஆண்டே அதை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் 84 மணிநேரப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு கார் போனது. ஒன்று நான்காவதாக வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரோட்டரி ரசிகர்கள் இந்தக் கதையை 1967இல் நிறுத்திவிட்டு நேராகப் பின்னாளில் வந்த ஆர்எக்ஸ்-7 என்ற ரோட்டரி காருக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் 1973 இருக்கிறது. எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் ரோட்டரி கார்களை வாங்க ஆளில்லை. நிறுவனம் திவாலின் விளிம்புக்குப் போனது. சுமிடோமோ வங்கி கைகொடுத்தது. தொழிற்சாலையில் வேலை செய்தவர்களைக் கார் விற்க விற்பனைக் கூடங்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிடிவாதத்துக்கான விலையை அவர்கள்தான் கொடுத்தார்கள். அதன் பின் நிறுவனத்தை நிமிர்த்தியது எது? 1980இல் வந்த முன்சக்கர இயக்கம் கொண்ட ஃபமிலியா. ஜப்பானின் 'ஆண்டின் சிறந்த கார்' விருதை முதன்முதலில் பெற்றது அந்தச் சாதாரணக் குடும்பக் கார்தான். சாதாரண கார்கள் சம்பாதித்த பணத்தில்தான் ரோட்டரி உயிர் வாழ்ந்தது.

கேள்வி: என் ஆர்எக்ஸ்-8 எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது. கசிவு எதுவும் இல்லை. எஞ்சின் பழுதா?

பழுது இல்லை. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. எபெக்ஸ் சீலுக்கும் சுவருக்கும் இடையே மசகு வேண்டும். பிஸ்டன் எஞ்சினைப்போல அடியிலிருந்து தெறிக்கும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. அதனால் ஒரு சிறு பம்ப், அளந்து அளந்து எண்ணெயை அறைக்குள் செலுத்துகிறது. அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். குறையாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்; பம்ப் வேலை செய்யவில்லை என்று பொருள்.

ஒவ்வொரு இரண்டாவது முறை பெட்ரோல் நிரப்பும்போதும் எஞ்சின் எண்ணெயின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விளக்கு எரியும்போது நீங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள்.

கேள்வி: நேற்று ஆர்எக்ஸ்-8ஐக் கழுவ ஷெட்டிலிருந்து பத்தடி வெளியே எடுத்து அணைத்தேன். இப்போது கிளம்பவே மாட்டேன் என்கிறது.

பெட்ரோல் தேங்கிவிட்டது. குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது கூடுதலாகப் பெட்ரோல் பாயும். சூடேறும் முன் அணைத்தால் அது எரியாமல் அறையில் தங்கி, சுவரிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெய்ப் படலம் போனால் சீல் அடைப்புப் போகும். அடைப்புப் போனால் கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் உருவாகும் அழுத்தம், இல்லை. ஸ்பார்க் பிளக்குகளும் நனைந்திருக்கும்.

ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்படிச் செய்தால் பெட்ரோல் வருவது நிற்கும், தேங்கியது வெளியேறும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ச்சியாகச் சுழற்ற வேண்டாம். இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை செய்யுங்கள். கிளம்பாவிட்டால் பிளக்குகளைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். இனி ஒரு ரோட்டரியைக் கிளப்பினால் சூடேறும் வரை ஓடவிடுங்கள். பத்தடிக்காகக் கிளப்பாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள். கிளம்பிய பின் டிப்ஸ்டிக்கையும் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் எண்ணெய் குறைகிறது. 2006 ஆர்எக்ஸ்-8.

மேலே எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

கேள்வி: பழைய ஆர்எக்ஸ்-8 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விற்பவர் 'கம்ப்ரஷன் பார்த்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறது' என்கிறார். வாங்கலாமா?

எதைக் கொண்டு பார்த்தார்கள் என்று கேளுங்கள். இந்த இடத்தில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். என் முதல் ரோட்டரி காரை வாங்கும் முன் ஒரு பணிமனையில் சோதிக்கக் கொடுத்தேன். பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண கம்ப்ரஷன் அளவியைச் செருகி, முள் ஏறியதைக் காட்டி, 'பிரமாதம்' என்றார்கள். ஒவ்வொரு ரோட்டாருக்கும் மூன்று முகம் உண்டு. சாதாரண அளவி மூன்றிலும் எது அதிகமோ அதை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். ஒரு முகம் செத்திருந்தாலும் முள் உயரத்திலேயே நிற்கும். என் காரில் அப்படித்தான் ஒன்று செத்துக் கிடந்தது. வாங்கிய ஐந்தாவது மாதம் எஞ்சினைப் பிரித்தேன்.

மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரிக்கான கருவியால் அளந்த தாளைக் கேளுங்கள். இரண்டு ரோட்டாருக்கும் சேர்த்து ஆறு எண்கள் இருக்க வேண்டும், அருகில் எஞ்சின் சுழன்ற வேகமும் குறித்திருக்க வேண்டும். தாள் இல்லையென்றால் அந்தப் பேச்சை நம்பாதீர்கள். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. அரைமணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடேற்றி, அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் கிளப்புங்கள். சூட்டில் கிளம்பத் தடுமாறினால் கம்ப்ரஷன் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இக்னிஷன் காயில்களும் பிளக்குகளும் எப்போது மாற்றப்பட்டன என்றும் கேளுங்கள். இந்தக் காரில் காயில் பலவீனமானால், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அமெரிக்காவில் இந்த எஞ்சினின் மையப் பகுதிக்கான உத்தரவாதத்தை மாஸ்டாவே எட்டு ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. அதனால் இது அரிதான கவலை அல்ல.

இத்தனையும் சொன்னபின் வாங்கலாமா என்றால், வாங்குங்கள். ஒன்பதாயிரம் சுற்று வரை அதிர்வே இல்லாமல் ஏறும் அந்த எஞ்சினை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார். ஆனால் தினசரி நான்கு கிலோமீட்டர் அலுவலகம் போய்வர மட்டும் வேண்டாம்.

கேள்வி: பிரான்சின் 24 மணிநேர லெமான் பந்தயத்தில் 1991இல் மாஸ்டா 787பி வென்றதும், ஐரோப்பியர்கள் பொறாமைப்பட்டு ரோட்டரியைத் தடை செய்துவிட்டார்கள் அல்லவா?

இல்லை. ஆயிரம் முறை சொல்லப்பட்டதால் உண்மைபோல ஆகிவிட்ட கதை இது. 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் மட்டும் என்ற புதிய விதியை உலகப் பந்தய நிர்வாகம் அதற்கு முன்பே முடிவு செய்திருந்தது. அந்த விதிக்கேற்ற கார்கள் போதுமான எண்ணிக்கையில் தயாராகாததால்தான் 1991இல் பழைய வகைக் கார்களையும் ஓட அனுமதித்தார்கள். அந்த இடைவெளிக்குள் நுழைந்துதான் 787பி வென்றது. தடை முதலில், வெற்றி பிறகு.

அதே வாசகர்: எத்தனையோ காணொளிகளில் நான் சொன்னபடிதானே சொல்கிறார்கள்?

எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது சான்று ஆகாது. ஆண்டு வரிசையைப் பாருங்கள். அதோடு இந்தக் கதை மாஸ்டாவின் பெருமையைக் குறைக்கிறது. இதுவே கடைசி வாய்ப்பு என்று தெரிந்தே அவர்கள் போனார்கள். 1990இல் கொண்டுபோன இரண்டு 787 கார்களும் பாதியில் நின்றுவிட்டன. ஓராண்டுக்குள் அதைத் திருத்தி, கார்பன் பிரேக் பொருத்தி, எஞ்சின் வேகத்துக்கேற்ப நீளும் சுருங்கும் காற்றுக் குழாயைச் செம்மைப்படுத்தி, 787பி என்று திரும்பி வந்தார்கள். தோற்றுத் திரும்பியவர்கள் கடைசி வாய்ப்பில் வென்ற கதை இருக்கும்போது, பொறாமைக் கதை நமக்கு எதற்கு?

வேறொரு வாசகர்: ஜாகுவாரும் மெர்சிடிஸும் 1000 கிலோ சுமந்து ஓடின. மாஸ்டாவுக்கு மட்டும் 830 கிலோ. சலுகையில் வந்த வெற்றியை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

எடைச் சலுகை உண்மை. அது யாரும் கருணையோடு கொடுத்ததல்ல. விதியைப் படித்து, வாதாடி, மாஸ்டா அணி முன்கூட்டியே பெற்றது. அப்போது மற்ற அணிகள் அதை எதிர்க்கவில்லை. ஏன்? மாஸ்டாவை அவர்கள் போட்டியாகவே கருதவில்லை. வென்ற 55ஆம் எண் கார் 19ஆவது இடத்திலிருந்து கிளம்பியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு காருக்கு முழுப் பந்தயத்துக்கும் 2550 லிட்டர் எரிபொருள்தான். பெட்ரோல் குடிப்பதற்குப் பெயர்போன ரோட்டரியைக் கொண்டு, அந்த அளவுக்குள் 362 சுற்றுகளை, 4900 கிலோமீட்டருக்கு மேல், ஓடி முடித்தார்கள். எந்த எஞ்சின் 1973இல் எரிபொருளால் நிறுவனத்தையே கவிழ்க்கப் பார்த்ததோ, அதே எஞ்சின் எரிபொருள் கணக்குப் பார்க்கும் பந்தயத்தில் வென்றது. எனக்கு அந்த வெற்றியின் சுவையே அதில்தான் இருக்கிறது. எடை குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 24 மணிநேரம் உடையாமல் ஓடுவதை எந்த விதியும் யாருக்கும் சலுகையாகத் தராது.

அவரே: மெர்சிடிஸ் உடையாமல் இருந்திருந்தால் மாஸ்டா இரண்டாவதுதானே?

ஆம், முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் சூடேறி நின்றது. பந்தயம் முடிய மூன்று மணிநேரம்தான் மிச்சம். லெமானில் இதை அதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். உடையாமல் இருப்பதும் அங்கே போட்டியின் ஒரு பகுதி. கடைசிவரை பின்னால் துரத்திக்கொண்டு வந்தவை மூன்று ஜாகுவார்கள். அவை இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. மாஸ்டாவின் மற்ற இரண்டு கார்களும் ஆறாவதும் எட்டாவதுமாக முடித்தன. அனுப்பிய மூன்றும் முடித்தன என்றால் அது ஒரு காரின் அதிர்ஷ்டம் அல்ல.

ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண் காஷோ மூவரும் மாறி மாறி ஓட்டினார்கள். கடைசிக் கட்டத்தை ஓட்டி முடித்த ஹெர்பர்ட், உடலில் நீர் வற்றி மேடையேறக்கூட முடியாமல் போனார். ஜப்பானிய நிறுவனம் ஒன்று லெமானை வென்றது அதுதான் முதல் முறை. அடுத்தது 2018இல் டொயோட்டா. பிஸ்டன் இல்லாத எஞ்சின் வென்றது அந்த ஒரு முறைதான்.

முதல் வாசகர்: சரி, தடை முன்பே வந்தது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் மாஸ்டா பந்தயத்தை விட்டது?

1992இல் பிஸ்டன் எஞ்சின் பொருத்திய எம்எக்ஸ்ஆர்-01 காரோடு வந்தார்கள். அதன் பின் நிறுத்தினார்கள். காரணம் பணம். ஜப்பானின் பொருளாதாரக் குமிழி அப்போது உடைந்துகொண்டிருந்தது. மாஸ்டாவோ 1989 வாக்கில் உள்நாட்டு விற்பனையை ஐந்து பெயர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கார் செய்யக் கிளம்பியிருந்தது. மாஸ்டா, யூனோஸ், அன்ஃபினி, ஆட்டோசாம், ஆட்டோராமா. வாங்குபவருக்கே எது எதன் தம்பி என்று புரியவில்லை. அமாட்டி என்ற பெயரில் சொகுசுக் கார்களைத் தொடங்கவிருந்த திட்டமும் 1992இல் கைவிடப்பட்டது. பொறாமைக்காரர்களைத் தேடுபவர்கள் இந்தக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கட்டும். லெமான் பற்றி இத்தோடு போதும். வரிசையில் பலர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் சிஎக்ஸ்-5 டீசலில் எண்ணெய் குறையவில்லை, கூடுகிறது! நான் ஊற்றவே இல்லை. நீங்கள் சொன்னதால்தான் டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன்.

பார்த்ததற்கு நன்றி, சகோதரி. கூடியது எண்ணெய் அல்ல, டீசல். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி நிறைந்ததும், அதைச் சுட்டெரிக்க எஞ்சின் கூடுதலாக டீசலைச் செலுத்தும். அதில் கொஞ்சம் உருளைச் சுவர் வழியாக எண்ணெயில் இறங்கிவிடும். குறுகிய தூரமே ஓட்டுபவர்களின் காரில், சுட்டெரிப்பது பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நிற்கும். அதனால் டீசல் அதிகமாகக் கலக்கும்.

உங்கள் டிப்ஸ்டிக்கில் மேல் குறிக்கும் மேலே ஒரு 'எக்ஸ்' குறி இருக்கும். மாஸ்டா அதை இதற்காகவே போட்டது. எண்ணெய் அங்கே வந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். டீசல் கலந்து நீர்த்த எண்ணெய் பேரிங்குகளைக் காக்காது. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

கேள்வி: சோல் ரெட் நிறத்தில் சிராய்ப்பு. நானே பூசலாமா?

வேண்டாம். அது அடுக்கடுக்காகப் பூசிய நிறம். ஒளி உள்ளே போய்த் திரும்பி வருவதால்தான் அந்த ஆழம். தேர்ந்த பெயின்டரிடம் போங்கள்.

கேள்வி: எம்எக்ஸ்-5 வாங்க ஆசை. நான்கு தலைமுறையில் எது?

ஓட்டும் மகிழ்ச்சி மட்டும் வேண்டுமென்றால் முதலாவது அல்லது நான்காவது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதல் தலைமுறை வெளிவந்தபோது, இப்படிப்பட்ட இலகுவான திறந்த காரைப் பெரும்பாலான நிறுவனங்கள் கைவிட்டிருந்தன. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பல ஆண்டுகளுக்கு முன் யமமோட்டோவிடம் சொன்ன யோசனை அது. ரோட்டரியோடு போராடிய அதே யமமோட்டோதான். குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் காரை வடித்தார்கள். 2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது.

என்னுடையது முதல் தலைமுறை, 1.6 லிட்டர். வேகமான கார் அல்ல. ஆனால் வளைவில் நான் நினைப்பதும் அது செய்வதும் ஒரே கணத்தில் நடக்கும். பழையதை வாங்கினால் முதலில் கதவுக்குக் கீழே உள்ள பகுதியைத் தட்டிப் பாருங்கள். துணிக்கூரையில் விழும் நீர் வெளியேற இரண்டு பக்கமும் வடிகால் துளை உண்டு. அது இலை தழையால் அடைபட்டால் நீர் உள்ளே இறங்கித் துருப்பிடிக்கும். மெல்லிய கம்பியால் ஆண்டுக்கு இரண்டு முறை சுத்தம் செய்தால் போதும். மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து உள்ளே அரித்த கார்கள் ஏராளம். எஞ்சின் தலைப்பகுதியில் கிளம்பும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். நல்ல எண்ணெய் மாற்றினால் பெரும்பாலும் அடங்கும்.

மூன்றாவது தலைமுறையைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் பெரியது, உயரமானவர்களுக்கு இடம் தரும். உயரமானவர் என்றால் அதையே எடுங்கள்.

கேள்வி: எண்ணெய் குறைகிறது, ஆர்எக்ஸ்-8...

மேலே.

கேள்வி: ஃபோர்டு கையில் இருந்த காலத்தில் மாஸ்டா கெட்டுப்போனதா?

இல்லை. 1979இல் ஃபோர்டு கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வாங்கியது. 1996இல் 33.4 சதவீதமாக உயர்த்தியது. அப்போதுதான் ஹென்றி வாலஸ் தலைவரானார்; ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்கு வெளிநாட்டவர் தலைமையேற்றது அதுவே முதல் முறை. ஹிரோஷிமாவில் அது வலித்தது. ஆனால் ஐந்து பெயர்க் குழப்பத்துக்குப் பின் கணக்கை ஒழுங்குபடுத்த ஒருவர் தேவைப்பட்டார். முதல் மாஸ்டா3யின் அடித்தளத்தை ஃபோர்டு ஃபோகஸும் பகிர்ந்துகொண்டது. மாஸ்டா வடிவமைத்த நான்கு உருளை எஞ்சின் ஃபோர்டு கார்களுக்குள் போனது. கொடுத்ததும் பெற்றதும் இருபக்கமும் உண்டு.

2008 நிதி நெருக்கடியில் ஃபோர்டு விலகத் தொடங்கியது. மாஸ்டா நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நட்டம் கண்டது. அந்தப் பஞ்ச காலத்தில் செய்த வேலைதான் ஸ்கைஆக்டிவ் என்ற தொழில்நுட்பம். பெட்ரோல் எஞ்சினுக்கு 14க்கு 1 என்ற அழுத்த விகிதம் வைத்தார்கள். அவ்வளவு அழுத்தினால் பெட்ரோல் தானாக வெடிக்கும் என்பது பாடம். சூடான புகை திரும்பி வராதபடி வெளியேற்றும் குழாயை நீட்டி வளைத்து அதைச் சமாளித்தார்கள். 2012இல் வந்த சிஎக்ஸ்-5தான் எஞ்சின் முதல் உடல்வரை அந்தத் தொழில்நுட்பத்திலேயே செய்யப்பட்ட முதல் கார். நிறுவனம் லாபத்துக்குத் திரும்பியது. 1980இல் ஃபமிலியா செய்ததை இது மறுபடி செய்தது. நான் ரோட்டரிக்காரன்தான், ஆனாலும் சாலையில் சிஎக்ஸ்-5ஐப் பார்த்தால் மரியாதை தோன்றுகிறது.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவன். ரோட்டரி மறுபடி வருமா?

வந்துவிட்டது, தம்பி. நீ எதிர்பார்த்த உருவத்தில் அல்ல. ஆர்எக்ஸ்-8 2012இல் நின்றது. 2023இல் எம்எக்ஸ்-30 ஆர்-இவி வந்தது. அதில் 830 சிசி கொண்ட ஒற்றை ரோட்டார் எஞ்சின் இருக்கிறது. அது சக்கரத்தைச் சுழற்றாது. மின்சாரம் மட்டும் தயாரிக்கும். சிறிய உருவம், குறைந்த அதிர்வு என்ற ரோட்டரியின் குணங்கள் அந்த வேலைக்குப் பொருந்துகின்றன.  2024 பிப்ரவரியில் ரோட்டரிக்கென்று தனிக்குழுவை மறுபடி அமைத்தார்கள், 36 பொறியாளர்கள். முதலில் 47 பேர், இப்போது 36 பேர். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படிப்பை முடி. அந்தக் குழுவில் சேரவும் வழி இருக்கும்.

கேள்வி: மின்சாரக் காரின் பேட்டரி ஆயுள்...

பேட்டரி அறிந்தவரிடம் கேளுங்கள். நான் தவறாகச் சொல்லிவிடக்கூடும்.

கேள்வி: ஷெட்டில் காரைப் பத்தடி தள்ளச் சொன்னீர்கள் அல்லவா, அவர்தான் எழுதுகிறேன். நான்காவது முறை கிளம்பிவிட்டது! புகை மண்டலம். இருபது நிமிடம் ஓடவிட்டேன். டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். எண்ணெய் கீழ்க் குறிக்கும் கீழே இருக்கிறது.

இப்போது ஓட்டாதீர்கள். கையேட்டில் குறித்துள்ள எண்ணெயை அரை லிட்டர் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்துத் துடைத்துப் பாருங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேல் குறியைத் தாண்ட வேண்டாம். புகை, தேங்கிய பெட்ரோலும் எண்ணெயும் எரிந்தது. ஒரு நெடுந்தூர ஓட்டத்தில் அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் ஆறு எண்கள் கொண்ட தாளோடு திரும்பி வாருங்கள்.